குரலுக்குத் தெரிந்த பிள்ளைகள்

அத்தியாயம் பதினான்கு

“ஒரே ஒரு நாள் தருகிறேன்” என்று தலைமையாசிரியை சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு நாள் இதோ விடிந்துவிட்டது.

இடையில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் டீச்சர் ஒன்றாம் வகுப்பு எடுப்பவள். பள்ளி வாசல் வரைக்கும் கேட்கும் குரல் அவளுடையது. வருஷக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதில் குரல் நாணில் முடிச்சு விழுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அவளிடம் மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து வருகிற ஒரு கரகரப்புதான். பழைய குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுப்பாகக்கூடப் பேசாதீர்கள், அதுதான் தொண்டைக்கு ரொம்பக் கெடுதல் என்றும் சொன்னார்.

பள்ளி திறந்த நாளில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதனால் வகுப்பு நின்றுவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுடைய கொழுந்தன் அவள் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்த பாடங்களை ஸ்மார்ட் போர்டில் ஓட விட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட். பட்டனை அமுக்க ஒரு சின்னப் பெண். வகுப்பு ஜோராக நடந்தது. அதுதான் இப்போது சிக்கல்.

இன்று அவள் வகுப்பைக் கட்டி மேய்த்துக் காட்டினால் வகுப்பு அவளுக்கு. முடியாவிட்டால் அலுவலக அறையில் உட்கார்ந்து டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் போடும் வேலை.

கொழுந்தனை வில்லன் என்று முடிவு கட்டிவிட்ட வாசகிகள் கொஞ்சம் பொறுங்கள். அவனை நானும் திட்டத்தான் போகிறேன். ஆனால் காலையிலேயே இல்லை.

காலையில் அவன் தங்கமான பிள்ளையாகத்தான் இருந்தான். குளித்துவிட்டு வந்த அண்ணியின் எதிரே ஒரு சின்ன மைக்கோடு நின்றான்.

“அண்ணி, இதைக் கழுத்துல மாட்டிக்கோங்க. ஸ்பீக்கர் இடுப்புல. நீங்க மெதுவா பேசினா போதும், இது பெரிசாக்கிடும்.”

டீச்சர் அவனைப் பார்த்துக் கையை விரித்தாள். புருவத்தை உயர்த்தினாள்.

“எதைப் பெரிசாக்கும்னு கேக்குறாங்க சித்தப்பா” என்றாள் மகள். அவளுக்கு இந்த வீட்டில் வாலு என்று பெயர். இரண்டாம் வகுப்பு, அதே பள்ளி. அம்மாவின் சைகைகளுக்கு இப்போது அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஊரில் உள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் பிரித்துப் பூட்டுகிற கொழுந்தன், இந்தக் கேள்விக்கு மட்டும் மைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

டீச்சரின் கணவர் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர். முதல் நடை எடுக்கப் போக வேண்டும்.

“டாக்டர் சொன்னா சொல்லிட்டுப் போறார். அவர் ஆயிரம் தொண்டையைப் பார்த்திருப்பாரு, உன் தொண்டையைப் பத்தி எனக்குத் தெரியாதா? வரும் பாரு. ஒரு நாள் இல்ல ஒரு நாள், நான் தெருமுனை திரும்பும்போதே உன் சத்தம் கேக்கும். ‘வாலு, இறங்குடி கீழே’ன்னு. அன்னிக்கு பஸ்ஸை அப்படியே நடுரோட்டுல நிறுத்திட்டு ஓடி வருவேன்.”

டீச்சர் சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் தேவையில்லை என்பது எவ்வளவு சௌகரியம்!

அவர் போன பிறகு வாலுவை உட்கார வைத்துத் தலை வாரினாள். முன்பெல்லாம் சீப்பு ஓடும்போது கூடவே ஒரு கதையும் ஓடும். சடை முடியவும் கதை முடியவும் சரியாக இருக்கும். இப்போது சீப்பின் சத்தம் மட்டும்தான். வாலு ஒரு நிமிஷம்கூட நிலைகொள்ளவில்லை. சாயங்காலமானால் அவள் சித்தப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன செய்கிறாய் என்று டீச்சர் சைகையில் கேட்டால், “சும்மாம்மா” என்கிறாள். கொழுந்தனும் “சும்மா அண்ணி” என்கிறான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சும்மா என்றால் அது சும்மாவாக இருக்காது. அவளுக்கும் அது தெரியும். அன்று காலை அதையெல்லாம் துருவ அவளுக்குத் தெம்பில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த அறையில்தான் அவள் பாடங்களைப் பேசப் பேச அவன் பதிவு செய்தான். ஜன்னலுக்குப் போர்வை, ஃபேன் கிடையாது, முதுகில் வியர்வை வழிகிறது. சுவரைப் பார்த்துப் பாடம் எடுங்கள் என்றான் கொழுந்தன். எப்படி வரும்? இரண்டு வார்த்தைக்கு மேல் அவளுக்கு வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அந்த வருஷத்து வகுப்பை எதிரே உட்கார வைத்துக்கொண்டாள். உடனே குரல் பிய்த்துக்கொண்டு வந்தது.

“குருவி, நீ சொல்லு... சபாஷ் குருவி! தூங்குமூஞ்சி, இப்ப நீ. நிதானமா யோசிச்சுச் சொல்லு... அவசரக்காரி, கையை இறக்கு, உன் முறை வரும்!”

அவள் வகுப்பில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. சேர்ந்த சில நாட்களுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். அந்தப் பெயர் கிடைக்கிற வரைக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது என்று பெற்றவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

“அண்ணி, பேரெல்லாம் வேண்டாம். பொதுவா ‘குழந்தைகளே’ன்னு சொல்லுங்க” என்றான் அவன்.

“பொதுவா யாருக்குத் தம்பி பாடம் எடுக்க முடியும்?” என்றாள் அன்றைய குரலில். அதோடு விட்டுவிட்டார்கள். அவன் பெயர்களை வெட்டவில்லை. கேள்விக்குப் பின் வருகிற இடைவெளிகளையும் வெட்டவில்லை. குருவிக்குச் சின்ன இடைவெளி, தூங்குமூஞ்சிக்கு நீளமான இடைவெளி. அந்தந்தப் பிள்ளை பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் அவள் காத்திருந்தது அப்படியே பதிவாகிவிட்டது. கோபம் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கோபப்படுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

பள்ளிக்குப் போவோம்.

வகுப்பு வாசலில் நின்று அவள் உள்ளே பார்த்தாள். சுவரில் அவள் ஒட்டிய படங்கள் இல்லை. ஓரத்தில் சார்ஜ் போடுகிற அலமாரி, அதில் பச்சைப் பச்சையாகச் சின்ன விளக்குகள். பிள்ளைகள் வரிசையாக டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. இத்தனை ஒழுங்கை அவளுடைய வகுப்பு என்றைக்கும் பார்த்ததில்லை.

உதவிக்கு இருந்த சின்ன மிஸ் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஆனால் கை பழக்கதோஷத்தில் பட்டனை அமுக்கிவிட்டது.

“வணக்கம் கண்ணுங்களா! எல்லாரும் வந்தாச்சா?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குரல். கணீரென்று, சிரிப்போடு, அறை முழுக்க நிறைந்து வந்தது. தன் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! ஒரு கணம், பைத்தியக்காரத்தனமாக, தன் வாய்தான் பேசுகிறதோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“வந்தாச்சு டீச்சர்!” என்று போர்டைப் பார்த்துக் கத்தினார்கள் பிள்ளைகள்.

அவள் போய் போர்டை ஆஃப் செய்தாள். வகுப்பே திகைத்துப் போனது.

“நீங்க யாரு?” என்றான் முன்வரிசையில் ஒரு பொடியன்.

“இவங்கதாண்டா உங்க டீச்சர்” என்றாள் சின்ன மிஸ்.

“பொய்! டீச்சர் உள்ளே இருக்காங்க.” அவன் அணைந்த போர்டைக் காட்டினான்.

டீச்சர் மைக்கைச் சரிசெய்துகொண்டாள். இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த அதே வாக்கியத்தைச் சொன்னாள். வணக்கம் கண்ணுங்களா. இடுப்பிலிருந்த ஸ்பீக்கரில் அது தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது.

பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். “பூதம்! பூதம் பேசுது!” என்று ஒருவன் மேஜையைத் தட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

அவள் மைக்கைக் கழற்றி வைத்தாள். கையைத் தட்டிப் பார்த்தாள். மூன்று தட்டு தட்டினால் வாயில் விரல் என்று அவளுடைய பழைய வகுப்புகளுக்குத் தெரியும். இவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுதிக் காட்டலாமா என்று மார்க்கரை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாததால்தானே இவர்கள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்! இருபது வருஷ சர்வீஸ். அந்த மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தாள்.

வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தி மேஜையின் மேல் ஏறினாள். இரண்டு பேர் டேப்லெட்டுக்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் ஒவ்வொருவரிடமாக ஓடினாள். ஒருத்தியை இறக்கி விடுவதற்குள் இன்னொருவன் ஏறினான்.

“மிஸ், டீச்சரை ஆன் பண்ணுங்க மிஸ்” என்று கெஞ்சினான் முன்வரிசைப் பொடியன். அவன் நல்ல பிள்ளை. இந்தப் புது மனுஷிக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தான்.

சின்ன மிஸ் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள். வராந்தாவில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

சின்ன மிஸ் பட்டனை அமுக்கினாள்.

“வாயில விரல்! அட, யாரு என் பேச்சை முதல்ல கேக்குறாங்கன்னு பார்க்கலாமா?” என்றது குரல்.

ஊசி விழுந்தால் கேட்கும். அத்தனை பேர் வாயிலும் விரல்.

டீச்சர் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். தன்னிடமே தோற்றுப்போவது என்றால் என்னவென்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது. அவள் முகத்தை எழுதத்தான் முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

போர்டில் பெரிதாக ஓர் எழுத்து வந்தது. “இது என்ன எழுத்து? குருவி, நீ சொல்லு.”

ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று “மா!” என்றாள்.

“சபாஷ் குருவி!”

டீச்சருக்குப் புரியவில்லை. அவளுடைய குருவி இப்போது மூன்றாம் வகுப்பில் அல்லவா இருக்கிறாள்? இது யார்?

“அதுங்களே பங்கு போட்டுக்கிச்சு டீச்சர்” என்று காதோரம் வந்து சொன்னாள் சின்ன மிஸ். “முதல் நாள் குரல் ‘குருவி’ன்னு கூப்பிட்டதும் யாரும் எழுந்திருக்கல. ரெண்டு தடவை பார்த்தாங்க. அப்புறம் ஆளுக்கொரு பேரா எடுத்துக்கிட்டாங்க. குருவிக்குப் பெரிய சண்டை. கடி, பிராண்டல் எல்லாம் ஆச்சு.”

“தூங்குமூஞ்சி, இப்ப நீ. நிதானமா யோசிச்சுச் சொல்லு...”

துறுதுறுவென்று ஒரு பையன் எழுந்தான். விடை அவன் நாக்கு நுனியில் நிற்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவன் தலையைச் சொறிந்தான். கொட்டாவி விட்டான். கண்ணைக் கசக்கினான். இடைவெளி நீளமானது அல்லவா, அதை அவன் நிரப்ப வேண்டும். எல்லாம் முடித்துக் கடைசி நொடியில் வேண்டுமென்றே தப்பாக ஓர் எழுத்தைச் சொன்னான்.

“பிரமாதம்! பார்த்தியா, உன்னால முடியும்!” என்றது குரல்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கெட்டிக்காரப் பையன் ஒருவன் இத்தனை நாளாக மந்தமாக நடிக்கப் பழகியிருக்கிறான். பழக்கியது அவள்தான்.

குரலில் பதிவான பெயர்கள் மொத்தம் பதினொன்று. அன்று மனசுக்கு வந்த பிள்ளைகளை மட்டும்தான் கூப்பிட்டிருந்தாள். இந்த வகுப்பில் அதைப்போல மூன்று மடங்குப் பிள்ளைகள். மீதிப் பேர்?

அப்போதுதான் ஜன்னலோரம் கடைசியில் உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தபோது இவள் சிரிக்கவில்லை. டேப்லெட்டைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் தொட்ட இடத்தில் தன் விரலை வைத்தாள். டேப்லெட்டில் ஒரு நட்சத்திரம் முளைத்தது. ஏற்கெனவே நிறைய நட்சத்திரங்கள் இருந்தன.

டீச்சர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் வேண்டாம் என்றதைச் செய்தாள். அந்தக் காதில் வாயை வைத்து, காற்றாகக் கேட்டாள்.

“உனக்கு என்ன பேர்?”

சிறுமி திரும்பிப் பார்த்தாள். பயப்படவில்லை. அவளும் டீச்சரின் காதில் வாயை வைத்துக் காற்றாகவே பதில் சொன்னாள்.

“எனக்குப் பேர் இல்ல. பேர் எடுத்த அன்னிக்கு நான் வரல, காய்ச்சல். நான் வர்றதுக்குள்ள எல்லாப் பேரும் தீர்ந்துபோச்சு.”

“உன்னை டீச்சர் கூப்பிடவே இல்லையா?”

“இல்ல. தினமும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

டீச்சர் விரலால் அந்த டேப்லெட்டில் அதே எழுத்தை எழுதிக் காட்டினாள். இது என்ன? சிறுமி பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள். டீச்சர் மெதுவாக அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். சிறுமிக்குத் தெரியவில்லை. அடுத்த எழுத்தும் தெரியவில்லை. முதல் எழுத்திலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. பள்ளி திறந்து பாதி வருஷம் ஓடிவிட்டது.

“நாளைக்கு உனக்கு ஒரு பேர் கொண்டு வர்றேன்” என்றாள் டீச்சர். தொண்டையில் கத்தி வைத்துக் கீறியது போல வலித்தது.

“யாருக்கும் இல்லாத பேரா?”

“யாருக்கும் இல்லாத பேர்.”

சிறுமி அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். டீச்சருக்கு வெந்நீர் வரவழைத்தார். அவள் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“நான் பார்த்தேன்மா” என்றார் பிறகு. “நீங்க பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கல. உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன். ஆபீஸ் ரூம்ல இருங்க. சம்பளம் அதேதான்.”

டீச்சர் தலையை ஆட்டவில்லை. மேஜையிலிருந்த துண்டுத்தாளை இழுத்து எழுதினாள்: ‘ஜன்னலோரப் பிள்ளைக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.’

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.

“பாருங்க, அந்தப் பிள்ளையும் பச்சைதான். வகுப்பே பச்சை. மேலிடத்துலேர்ந்து பாராட்டு வந்திருக்கு. இப்ப போய் நான் அவங்ககிட்ட என்ன சொல்ல?”

‘அந்தக் குரலுக்குப் பதினொரு பிள்ளைகளைத்தான் தெரியும்’ என்று எழுதினாள் டீச்சர். எழுத்து கோணலாக வந்தது.

“அதைச் சரி பண்ணிடலாம். உங்க கொழுந்தன் சொன்னாரே? கம்ப்யூட்டருக்கு உங்க குரலைப் பழக்கி வச்சா, எதை எழுதிக் குடுத்தாலும் அது உங்க குரல்ல பேசுமாம். எல்லாப் பேரும் சொல்லுமாம். ரெண்டாம் வகுப்புலேர்ந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் உங்க குரலையே போட்டுடலாம்னு ஒரு யோசனை.” அவர் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். குரல் உங்களோடது, கேக்காம செய்யக்கூடாதில்லையா? நாளைக்குக் காலையில சொல்லுங்க.”

சரியென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்லத்தான் அவளிடம் குரல் இல்லை. இதைக் கேட்டு உங்களில் சிலருக்குச் சிரிப்புக்கூட வரலாம். அவளுக்கு வரவில்லை. வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் இதை எப்போது தலைமையாசிரியையிடம் சொன்னான்? வீட்டில் ஏன் மூச்சுக்கூட விடவில்லை?

இப்போது திட்டலாம் அவனை.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. வாலுவின் பை சோபாவில் கிடந்தது. கொழுந்தனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“வாலுக்குட்டி, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு? என் செல்லம் சாப்பிட்டியா?”

அவளுடைய குரல்.

இந்த வாக்கியத்தை அவள் எந்தப் பாடத்திலும் பேசியதில்லை. கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் வாலு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித் தட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

“அண்ணி, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். புள்ள தினமும் அழுதா. அம்மா கதை சொல்ல மாட்டேங்கறாங்கன்னு. அந்தப் பழைய ரெக்கார்டை வச்சு... சும்மா வீட்டுக்குள்ளதான்னு நெனச்சு...”

டீச்சர் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் சப்பைக்கட்டு கட்டுவதை நிறுத்திவிட்டான்.

“அம்மா, இதைக் கேளேன்!” வாலுவுக்கு ஒரே குதூகலம். இத்தனை நாள் ஒளித்து வைத்தது வெளியே வந்துவிட்டதில் அவளுக்கு நிம்மதி. ஒரு பட்டனைத் தட்டினாள்.

“வணக்கம் கண்ணுங்களா! இரண்டாம் வகுப்புக்கு நல்வரவு. இன்னிக்கு நாம முதல் பாடம் படிக்கப் போறோம்” என்றது குரல். அதன் பின் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. வாலுவின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரே அளவு இடைவெளி.

டீச்சர் இரண்டாம் வகுப்பு எடுத்ததே இல்லை.

“நாளைக்கு எங்க கிளாஸுக்கு நீ வர்றேம்மா! மிஸ் சொன்னாங்க. போர்டுல எல்லாம் ஏத்தியாச்சு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அது எங்கம்மான்னு.”

ஆக, சரி என்ற வார்த்தைக்காக யாரும் காத்திருக்கவில்லை. கொழுந்தன் தரையைப் பார்த்தான். “அவங்க மாதிரிக்கு ஒண்ணு கேட்டாங்க அண்ணி. போட்டுப் பார்க்கத்தான்னு சொன்னாங்க. நீங்க வேண்டாம்னு சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். உங்க குரல் வீணாப் போகக்கூடாதுன்னு...”

டீச்சர் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டு காதில் பேசினாள். வகுப்பில் ஜன்னலோரப் பிள்ளையிடம் பேசிய அதே காற்று. ஆனால் அதைக் காலையிலேயே செலவழித்துவிட்டிருந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. வெறும் மூச்சுதான் வந்தது.

வாலு காதைத் தேய்த்துக்கொண்டாள். “கூசுதும்மா. ஒண்ணுமே கேக்கல. இதுல அடி, இது சொல்லும்.” டேப்லெட்டை அம்மாவின் மடியில் வைத்தாள்.

டீச்சருக்குள் அத்தனை ஆத்திரமும் திரண்டு வந்தது. தலைமையாசிரியைக்கு, கொழுந்தனுக்கு, அந்தப் பச்சைக் கட்டங்களுக்கு, பெயர் தீர்ந்துபோன பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் அவளிடம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். இரண்டு முறை அழித்து எழுதினாள். கடைசியில் பட்டனைக் குத்தினாள்.

“இது என் குரல்! என்னைக் கேக்காம எடுக்க உங்களுக்கு யார் உரிமை குடுத்தா? யாருக்கும் குடுக்க மாட்டேன். எல்லாத்தையும் அழிச்சிடுங்க!”

கணீரென்று வந்தது. சிரிப்போடு வந்தது. ஒன்றாம் வகுப்புப் பாட்டுப்போல, ஏற்ற இறக்கத்தோடு, கொஞ்சலாக வந்தது. அந்தக் குரலுக்குச் சபாஷ் சொல்லத்தான் தெரியும். கோபப்பட அவள் அதற்குச் சொல்லித் தரவே இல்லை.

வாலு கைதட்டினாள். “சூப்பர்ம்மா! என்ன அழகா சொல்லுது! இன்னொரு தடவை.” ஒலியைக் கூட்டி வைத்துப் பட்டனை மறுபடி தட்டினாள். ஜன்னல் திறந்திருந்தது. யாருக்கும் குடுக்க மாட்டேன், எல்லாத்தையும் அழிச்சிடுங்க என்று அந்தச் சந்தோஷக் குரல் தெருவுக்குள் போனது.

கொழுந்தன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

வெளியே கேட் தடாரென்று திறந்தது. யாரோ ஓடி வருகிற சத்தம். டிரைவர் ஷூவைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டுப் பையோடு, மூச்சிரைக்க அறை வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“வந்துடுச்சா? தெருமுனையிலேயே கேட்டுச்சு! நான் சொன்னேன்ல, வரும்னு சொன்னேன்ல? உன் குரல் வந்துடுச்சா?”

டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. வாலு கட்டிலிலிருந்து குதித்து ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாம்பா! நாளைக்கு எங்க கிளாஸுக்கே வருது!”

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். ஏதாவது ஒரு வார்த்தை பேசு என்று கேட்டார்.